சாம்பல் கலையாத தார்

மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே பழக்கடை வைத்திருந்த வேலம்மாளுக்கு ஸ்ரீரங்கத்தில் யாரையும் பிடிக்காது. ஸ்ரீரங்கத்தில் யாருக்கும் அவளையும் பிடிக்காது. இதில் இரண்டு தரப்புக்கும் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வந்த ஆள் அவள் கடைப் பழத்தை நோக்கிக் கையை நீட்டினால், விலைக்கு முன்னால் அந்தக் கையைப் பற்றித்தான் பேச்சு வரும். "கையை மடக்கிட்டு நில்லு. கண்ணு எதுக்கு இருக்கு, பாக்கத்தானே?" என்பாள். வந்தவன் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போவான். வேறு வழியில்லை. கற்பூரவல்லி என்றால் அவள் கடைக் கற்பூரவல்லிதான்.

கற்பூரவல்லி வாழைப்பழத்தின் தோலில் வெள்ளையாக ஒரு பூச்சு படிந்திருக்கும். விபூதி தூவினாற்போல என்று எழுதலாம். ஆனால் நாமம் போடுகிற ஊரில் அந்தப் பேச்சு வேண்டாம், சாம்பல் என்றே வைத்துக்கொள்வோம். விரல் பட்டால் பட்ட இடத்தில் சாம்பல் போய்த் தோல் பளிச்சென்று தெரியும். வெட்டிய தாரில் அது மறுபடி பூக்காது. கோயிலைச் சுற்றிய வீதிகளில் ஆசாரம் பார்க்கும் சில வீட்டுக்காரர்கள் இதை வைத்து ஒரு சட்டமே போட்டிருந்தார்கள். சாம்பல் கலையாத பழம் என்றால் மனுஷக் கை படாத பழம், பெருமாளுக்கு உகந்தது. அப்படியானால் தாரை வெட்டியவன், வண்டியில் ஏற்றியவன், புகைமூட்டம் போட்டுப் பழுக்கவைத்தவன் எல்லாம்? அவர்கள் காம்பைத்தான் பிடித்தார்கள். காம்பு கணக்கில் வராது. இவ்வளவு சௌகரியமான ஆசாரத்தைக் கண்டுபிடித்த மகானுபாவர் யாரோ, அவர் புண்ணியத்தில் வேலம்மாளுக்குப் பிழைப்பு நடந்தது.

காம்பைப் பிடித்துத் தாரைத் தூக்கிவரும் வேலை அவள் புருஷன் பெரியண்ணனுடையது. அம்மா மண்டபம் ரோட்டில் ஓட்டுக் கொட்டகை ஒன்றில் மூட்டம் போட்டிருந்தார்கள். விடியற்காலையில் அங்கிருந்து தள்ளுவண்டியில் தார்களைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகத் தன் உடம்பில் படாமல் ஒரு முழம் தள்ளிப் பிடித்துத் தூக்கி, கடை விட்டத்தில் தொங்கவிடுவார். வேலம்மாள் சோறாக்கி வைத்துவிட்டு வருவதற்குள் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். வந்ததும் அவள் முதல் வேலை, தார்களைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பது. ஒரு விரல் தடம் தெரிந்தால் போதும், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்.

"இது கையா, உலக்கையாங்க? உங்களப் பெத்தவங்க இதை எந்தக் கடையில வாங்கி ஒட்டவச்சாங்க?"

புருஷனுக்குரிய மரியாதையில் அவள் குறை வைத்ததில்லை. ‘ங்க’ போட்டுத்தான் வைவாள்.

பெரியண்ணன் பதில் பேசமாட்டார். பேசாத மனுஷர் என்பதுதான் அவர்மேல் அவளுக்கிருந்த தீராத கோபம். கொள்ளிடத்துக்கு வடகரையில் அவர்களுக்கு ஒரு வாழைக் கொல்லை இருந்தது. அப்பா செத்ததும் அண்ணன்மார் இரண்டு பேரும் பாகம் பிரித்தபோது, பெரியண்ணன் கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்தபோது இவர்கள் பங்கு என்று ஒரு கிணற்றடி மேடுதான் மிச்சம். அன்றைக்கு வேலம்மாளுக்கு வயது இருபத்திரண்டு. இனி இந்தக் குடும்பத்துக்கு நான்தான் வாய் என்று அன்றே முடிவு செய்துகொண்டாள். ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது, கடை போட்டது, கடையைப் பிடுங்க வந்தவர்களைத் துரத்தியது எல்லாம் அந்த வாயால்தான். ஒரு தடவை திறந்த வாயை அப்புறம் எப்போது மூடுவது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவளுடைய பகையாளிகளில் முக்கியமானவர்கள் மூன்று பேர். எதிர்க்கடை அடைக்கலம் ஒருவன். பூவன் பழம் விற்பான்; பல்லைக் குத்திக்கொண்டே அவள் கடையைப் பார்த்துக்கொண்டிருப்பான்; அது போதும் அவளுக்கு. இரண்டாவது, கல்யாண காண்டிராக்ட் எடுத்து நடத்தும் சௌரிராஜன். அவளிடம் தாராகத் தாராக வாங்குகிறவர் அவர்தான். வாங்கும்போது மூக்கைச் சுளிப்பார் என்பதால் அவரையும் பிடிக்காது. மூன்றாவது, தென்னூர்ப் பக்கம் பெண்கள் கல்லூரி ஒன்றில் தாவரப் பாடத்துக்கு டெமான்ஸ்டிரேட்டராக இருந்த லூர்துராணி. கண்ணாடி போட்ட கறார்ப் பெண்பிள்ளை. மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்து, சாம்பல் கலையாத ஒரே ஒரு பழம் வேண்டும் என்பாள். சீப்பைப் பிய்த்து ஒற்றைப் பழம் கொடுப்பதா? வேலம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ‘ஒத்தப்பழ டீச்சர்’ என்று பெயர் வைத்திருந்தாள்.

"ஒத்தப் பழத்தை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க டீச்சரம்மா, ஆறு பேரு பங்கு போட்டுத் திம்பீங்களா?"

"திங்கிறதுக்கு இல்ல. மைக்ராஸ்கோப்புல வச்சுப் பார்க்க. இந்தச் சாம்பல் பவுடர் இல்ல, மெழுகு. அதோட அமைப்பைப் பிள்ளைங்களுக்குக் காட்டணும்."

"மெழுகுன்னா கோயில்ல கொளுத்துறீங்களே, அதுவா?"

"கேலி பண்ணாம பழத்தைக் குடுங்க. பஸ் போயிடும்."

இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த அளவுக்குத்தான் பழக்கம்.

ஐம்பத்தேழாம் வருஷம் தை மாதம். சித்திரை வீதியில் ஒரு பெரிய கல்யாணம். சௌரிராஜன் வேலம்மாளிடம் வாங்கிய கற்பூரவல்லியைச் சீப்புச் சீப்பாகத் தாம்பாளத்தில் அடுக்கி, வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பன்னீர்ச் சொம்பை எடுத்து ஒரு பையன் தாராளமாகத் தெளித்தான். கற்பூரவல்லியின் மேல் தண்ணீர் பட்டால் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும், சாம்பல் அசையாது. அன்றைக்கு ஓடவில்லை. பட்ட இடமெல்லாம் கஞ்சி வடிந்தாற்போல வெள்ளை வெள்ளையாக ஒழுகிற்று. சம்பந்தியம்மாள் ஒரு பழத்தைத் தொட்டு, விரலை விரலோடு தேய்த்துப் பார்த்து, ஒட்டுகிறதே என்று சொல்லிச் சிரித்தாளாம்.

மறுநாள் காலையில் சௌரிராஜன் நடுத்தெருவில் வந்து நின்றார்.

"என்னடி பண்ணிவச்சிருக்கே? பெருமாளுக்கு அமுது செய்யப் பண்ற பழத்துல மாவைப் பூசிக் குடுத்திருக்கியே! சம்பந்தி மனுஷா எதிர்ல என் மானம் போச்சு. இனிமே ஸ்ரீரங்கத்துல ஒரு கல்யாணத்துக்கு உன் கடைப் பழம் வராது, பார்த்துக்கோ."

"மாவா? என் பழத்துலயா?" வேலம்மாள் கடையை விட்டு இறங்கிவிட்டாள். "இத்தனை வருஷமா என் கடையில வாங்கித்தானே சாமி பெரிய மனுஷன் ஆனீங்க? நாக்கு அழுகிப்போயிரும்!"

எதிர்க்கடையில் அடைக்கலம் பல் குத்துவதை நிறுத்தினான். "நான் ரொம்ப நாளா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் சாமி. அந்தச் சாம்பல் ஒரு தினுசாத்தான் இருக்கு. முகத்துக்குப் போட வேண்டிய பவுடரைப் பழத்துக்குப் போடுது."

அவன்மேல் எடைக்கல் பறந்தது. குறி தப்பி அவன் கடைத் தகரத்தில் பட்டது. தெரு கூடிவிட்டது. கூடியவர்களில் பாதிப் பேர் அவளிடம் ஏதாவது ஒரு நாள் வசவு வாங்கியவர்கள்; அவர்களுக்கு அன்றைக்குப் பண்டிகை. அவள் பெயர் போனால் கடை போனது என்று அர்த்தம். சாம்பலை நம்பி வாங்குகிறவர்கள்தான் அவள் கடைக்கு வருகிறவர்கள். அந்த நம்பிக்கை போனபின் அவள் வாய்க்காக யார் வரப்போகிறார்கள்?

அப்போதுதான் அவளுக்கு ஒத்தப்பழ டீச்சர் ஞாபகம் வந்தது.

"எல்லாரும் வாங்க. காலேஜுல ஒரு கண்ணாடி இருக்கு. சாம்பலா பவுடரான்னு அது சொல்லும். சாமி, இங்க தொங்குற தார்ல எது வேணுமோ நீங்களே கையக் காட்டுங்க. இந்த அடைக்கலமும் வரட்டும். பவுடர் இல்லேன்னு ஆச்சுன்னா இதே தெருவுல அவன் என் கால்ல விழணும். பவுடருன்னு ஆச்சுன்னா நான் கடையைக் கட்டிக்கிட்டுப் போறேன்."

கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த பெரியண்ணன் மெல்ல முன்னே வந்தார். "வேண்டாம் புள்ள. விட்டுரு. பேச்சு பேச்சோட போகட்டும்."

"விட்டுட்டு விட்டுட்டுத்தானே கிணத்தடியில வந்து நின்னோம்? நீங்க வாயை மூடிக்கிட்டு வாங்க." அவர் வாயை மூடிக்கொண்டார்.

லூர்துராணி முதலில் முடியாது என்றாள். கல்லூரி மைக்ராஸ்கோப் ஊர்ப் பஞ்சாயத்துக்கு இல்லை என்றாள். வேலம்மாள் கல்லூரி வாசலில் உட்கார்ந்துகொண்டாள். கடைசியில், சனிக்கிழமை மத்தியானம் லேப் காலியாக இருக்கும், நாலு பேருக்கு மேல் வரக் கூடாது, சத்தம் போட்டால் வாட்ச்மேனைக் கூப்பிடுவேன் என்று நிபந்தனை போட்டு ஒப்புக்கொண்டாள்.

நாலு பேரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சண்டை நடந்த அன்றே சௌரிராஜன் கைகாட்டியிருந்த தாரை வேலம்மாளே காம்பைப் பிடித்து மடியில் படாமல் வைத்துக்கொண்டு வந்தாள். யாரையும் தொடவிடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கற்பூரவல்லி வேண்டுமென்று லூர்துராணி முன்னாலேயே காந்தி மார்க்கெட்டில் ஒரு பழம் வாங்கிவைத்திருந்தாள்.

முதலில் அந்த மார்க்கெட் பழம். லூர்துராணி அதன் தோலில் ஒரு துண்டை எடுத்து முருங்கைத் தக்கையின் நடுவே செருகி, சவரக் கத்தியால் ஊதினால் பறக்கிற மாதிரி சீவினாள். ஒரு சீவலைச் சிவப்புச் சாயத்தில் நனைத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்தாள்.

"ஒவ்வொருத்தரா வந்து பாருங்க. ஒத்தக் கண்ணால."

சௌரிராஜன் குனிந்தார். "ஏதோ செங்கல் சுவர் மாதிரி இருக்கு. மேலே சிவப்பா ஒரு கோடு ஓடறது."

"செங்கல் மாதிரி இருக்கிறதெல்லாம் தோலோட செல். மேல ஓடுற கோடு மெழுகு கலந்த படலம். தண்ணி உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. அதுக்கும் மேல பாருங்க."

வேலம்மாள் அவரை இடித்துத் தள்ளிவிட்டுத் தன் கண்ணை வைத்தாள். கோட்டின்மேல் பொடிப்பொடியாகக் குச்சிகள் நெருக்கமாக நட்டுக்கொண்டிருந்தன. நெல் அறுத்த வயலில் தாள் நிற்பதுபோல இருந்தது. இத்தனை வருஷம் அவள் காவல் காத்த சாம்பல் இதுதானா என்று கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"அதுதான் நீங்க சாம்பல்னு சொல்றது" என்றாள் லூர்துராணி. "ஒவ்வொரு குச்சியும் மெழுகு. விரல் பட்டா சாஞ்சு நசுங்கிடும். பறிச்ச பழத்துல திரும்ப முளைக்காது."

"நல்லாக் கேட்டுக்க அடைக்கலம்" என்றாள் வேலம்மாள். "இப்ப என்னோடதை வைங்க டீச்சரம்மா."

லூர்துராணி வேலம்மாளின் தாரிலிருந்து ஒரு பழத்தை எடுத்தாள். தோலைச் சீவினாள், பார்த்தாள். அவள் நெற்றி சுருங்கியது. ஊசி முனையால் தோலின் மேலிருந்த வெள்ளையை மட்டும் தட்டி வேறொரு தகட்டில் எடுத்தாள். ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டாள். மைக்ராஸ்கோப்புக்கே தேவையில்லாமல் போயிற்று. வெள்ளைத் தூள் வெறுங்கண்ணுக்குத் தெரிய நீலக் கறுப்பாக மாறிற்று.

"மெழுகுன்னா நிறம் மாறாது. இது மாவு. பழத்துக்குள்ள இருக்கிற மாவும் இல்ல, மேல தூவினது." அவள் குரலில் இரக்கம் எதுவும் இல்லை. "குச்சியெல்லாம் நசுங்கிக் கிடக்கு, யாரோ அழுத்திப் பிடிச்ச மாதிரி. நசுங்கின இடத்தை மறைக்க மாவு போட்டிருக்கு. மாவோட மணியைப் பார்த்தா அரிசி இல்ல. அரிசின்னா ரொம்பப் பொடியா இருக்கும். இது முட்டை முட்டையா, பெருசா இருக்கு. ஆரோரூட்டா இருக்கலாம்."

அடைக்கலம் கெக்கெக்கென்று சிரித்தான். சௌரிராஜன் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

வேலம்மாளுக்கு வயிற்றில் புண். தினம் படுக்கப்போகும் முன் ஆரோரூட் கஞ்சிதான் குடிப்பாள். கொஞ்ச நாளாக மாவு டப்பா சீக்கிரமே காலியாகிறது, கடைக்காரன் எடையில் ஏமாற்றுகிறான் என்று அவனோடும் சண்டை போட்டிருந்தாள். டப்பா இருக்கும் இடம் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் இரண்டே பேர்.

அது தெரிந்தும் அவள் வாய் சும்மா இருக்கவில்லை. பழக்கத்தில் அது அடைக்கலத்தின் மேல் பாய்ந்தது. "நீதாண்டா! ஆள் வச்சு ராத்திரியில வந்து தூவியிருக்கே. என் குடியக் கெடுக்க…"

"அவன் இல்ல. நான்தான்" என்றார் பெரியண்ணன்.

லேப்பில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். அந்த மனுஷர் நாலு பேர் கேட்கப் பேசியதை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை.

"வலது கை ஒரு வருஷமா விளங்கலை. விரல் மரத்துப் போச்சு. காம்பைப் புடிச்சா நிக்க மாட்டேங்குது, நழுவுது. நெஞ்சோட கட்டிப் புடிச்சுத்தான் தாரைத் தூக்குறேன். தூக்குனா சாம்பல் போயிருது. அதான் மாவைத் துணியில முடிஞ்சு தட்டிவிட்டேன்." தப்பு செய்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு வருஷமாவா? ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன உங்களுக்கு?"

"சொன்னா நீ என்ன சொல்லியிருப்பே?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் மோசம். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ‘நிலத்தத்தான் விட்டீங்க, இப்பக் கையையும் விட்டாச்சா?’ என்கிற வார்த்தை அந்த நேரத்திலும் தயாராக நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள். காலையில் காப்பி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்ததெல்லாம் ஞாபகம் வந்தது. சட்டைப் பொத்தானைப் போடாமல் நிற்கிறாரே என்று வைததும், மறு வாரத்திலிருந்து அவர் சட்டை போடுவதையே விட்டுவிட்டதும் ஞாபகம் வந்தது. தாரில் ஒரு விரல் தடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறவளுக்கு அந்த விரல்கள் கண்ணில் படவில்லை. அவளுக்குத் தன்மேல் வந்த வெறுப்பு, அடைக்கலத்தின்மேல் எப்போதும் வந்ததில்லை.

"கை வராத ஆளுக்கு வியாபாரம் எதுக்கு?" என்றான் அடைக்கலம். "பேசினபடி கடையைக் கட்டு."

"கட்டுறேன். நீ முதல்ல பல்லை மூடு."

சௌரிராஜன் வெளியே போனார். லூர்துராணி தகடுகளைக் கழுவ எடுத்துக்கொண்டே, "பெரியாஸ்பத்திரியில நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க. இவ்வளவு நாள் விட்டது தப்பு" என்றாள். வேலம்மாள் அவளை முறைத்தாள். சொன்னது சரி என்பதால் கூடுதலாக முறைத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் இடமில்லை. வண்டி காவிரிப் பாலத்தில் ஏறித் திரும்பியபோது பெரியண்ணனின் வலது கை கம்பியிலிருந்து நழுவியது. அவள் அவர் முண்டாவை இறுக்கிப் பிடித்தாள். "விழுந்து தொலைக்காதீங்க. இன்னைக்கு நடந்தது போதும்" என்றாள். ஸ்ரீரங்கம் வரைக்கும் பிடித்த பிடியை விடவில்லை.

மறுநாளே கடையைக் கட்டினாள். பேசின பேச்சு பேச்சு. பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், எண்ணெய் கொடுத்தார்கள். கை பாதி வந்தது, பாதி வரவில்லை. அதே வருஷம் ஆடி மாதம் தெருவின் தெற்கு மூலையில், ஜட்கா வண்டிக் குதிரைகள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், நாற்றத்துக்கு நடுவே வேலம்மாள் மறுபடி ஒரு கடை போட்டாள். கோயில் வீதிகளிலிருந்து யாரும் வரவில்லை. ஜட்காக்காரர்களும் பஸ் கண்டக்டர்களும் திருவெறும்பூர் பக்கத்திலிருந்து வரும் சேவார்த்திகளும் வந்தார்கள். அவர்கள் பழத்தைத் தின்கிறவர்கள், சாம்பலைப் பார்க்கிறவர்கள் இல்லை. வாய் என்னவோ பழைய வாய்தான். குதிரைகள்கூட வசவு வாங்கின. புருஷனை மட்டும் வையவில்லை. வைய வந்த நேரத்தில் வேறு யாரையாவது தேடினாள், யாராவது கிடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அறுபத்திரண்டில் ஒரு முகூர்த்த நாளுக்கு முதல் நாள், சௌரிராஜன் அந்த மூலைக்கு வந்து சேர்ந்தார். மார்க்கெட்டில் கற்பூரவல்லி தட்டுப்பாடு. அவர் வந்த நேரத்தில் பெரியண்ணன் தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார். தாரை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து, தாடையை அதன்மேல் பதித்து, பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க. மறுபடி போட ஆரம்பித்திருந்த சட்டையெல்லாம் வெள்ளை.

"பழசெல்லாம் போகட்டும் வேலம்மா" என்றார் சௌரிராஜன். "நல்லதா நாலு தார் குடு. கை படாததா இருக்கணும், அவ்வளவுதான்."

"கை படாதது என் கடையில இல்லீங்க சாமி. இது எங்க வீட்டுக்காரரு கட்டிப் புடிச்சுத் தூக்கிட்டு வந்தது. இங்க தொங்குறது எல்லாமே அப்படித்தான். வேணும்னா வாங்குங்க, இல்லாட்டி பூவன் வாங்க அடைக்கலத்துக்கிட்டப் போங்க."

சௌரிராஜன் தாரைப் பார்த்தார், பெரியண்ணனைப் பார்த்தார், அடைக்கலம் கடையை நோக்கி நடந்தார். போகிறவரின் முதுகுக்குக் கேட்கும்படி வேலம்மாள் அவருடைய மூன்று தலைமுறையை விசாரித்தாள். அப்புறம் தாரை வாங்கி மாட்டிவிட்டு, புருஷனின் நெஞ்சில் ஒட்டியிருந்த சாம்பலை முந்தானையால் தட்டிவிட்டாள். தட்டும்போது ஒரு பொத்தான் போடாமல் இருந்தது தெரிந்தது. அதையும் போட்டுவிட்டாள்.